முப்பத்தொரு "இல்லை"

போன வாரம் அக்பெனேயை மாவட்ட அலுவலகத்தின் வண்டிக் கொட்டகையில், கையில் ஒரு பழுப்பு உறையோடு நிற்க வைத்துவிட்டு வந்தோம். "வீட்டுக்குப் போய் நிதானமா பிரிச்சுப் பாருங்கம்மா" என்று குமாஸ்தா சொல்லி அனுப்பியிருந்தார். நிதானம் என்பது அக்பெனே என்றைக்கும் கைவசம் வைத்திருக்காத சரக்கு. அங்கேயே கிழித்தாள்.

கடிதம் சின்னதுதான். டோவிகோப்பே கிராமத்தில் எடுத்த கணக்கெடுப்பில், முப்பத்தொரு பெண் தொழில்முனைவோரில் ஒருவர்கூட இதற்கு முன் தொழில் பயிற்சி பெற்றதாகத் தெரிவிக்கவில்லை. ஆகவே உள்ளூர் ஆலோசகர் என்ற பணியிடம் பயனற்றது என்று கருதப்படுகிறது. வெள்ளிக்கிழமை மாலைக்குள் மோட்டார் சைக்கிளையும் அலுவலக அடையாள அட்டையையும் ஒப்படைக்கவும். இனிமேல் தலைநகர் அக்ராவிலிருந்து வரும் நிறுவனமே வருடத்துக்கு நான்கு தடவை பயிற்சி நடத்தும்.

கீழே கையெழுத்து. பக்கத்தில் ஒரு முத்திரை. அக்பெனேயின் ஆறு வருட வேலைக்கு ஒரு முத்திரை போதும் போலிருக்கிறது.

அன்றைக்குப் புதன்கிழமை. வெள்ளிக்கு நடுவில் ஒரே ஒரு நாள்.

டோவிகோப்பேயும் சுற்றியிருக்கும் எட்டு கிராமங்களும் அக்பெனேயின் பொறுப்பு. மரவள்ளிக் கிழங்கைத் துருவிப் பிழிந்து காரி என்கிற ரவையாக வறுக்கிறவர்கள், சோப்புக் காய்ச்சுகிறவர்கள், ஒரே ஒரு தையல் மெஷினை வைத்துக்கொண்டு ஊருக்கே சீருடை தைக்கிறவர்கள், இவர்கள் தொழில் நடக்க என்ன வேண்டுமோ அதற்கு வழி சொல்லி, கூட நின்று முடித்துக் கொடுப்பது அவள் வேலை. அரசாங்கம் அந்த வேலைக்கு மூச்சுவிட்டுப் படிக்க வேண்டிய நீளத்தில் ஒரு பெயர் வைத்திருக்கிறது. ஊரில் யாருக்கும் அந்தப் பெயர் தெரியாது. "அக்பெனே வந்துட்டாளா?" என்பதோடு சரி.

முப்பத்தொரு பேரையும் அவளுக்குத் தெரியும். யார் வீட்டு அடுப்பு எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்பது வரை தெரியும். அந்த முப்பத்தொன்றில் கூடப் பிறந்த தங்கை மவுசியும் ஒருத்தி.

வண்டியை உதைத்தாள். முதல் உதையிலேயே கிளம்பியது. வண்டிக்கும் கோபம் வந்திருக்க வேண்டும்.

*

மவுசியின் கொட்டகையில் மூன்று அடுப்பும் எரிந்துகொண்டிருந்தன. பள்ளிக்கூடம் திறக்க இரண்டு வாரம் இருந்தது. விடுதிக்குப் போகிற பிள்ளையின் பெட்டியில் காரி வைக்காமல் எந்தத் தாயும் மூடி போடமாட்டாள். தண்ணீர், சர்க்கரை, வேர்க்கடலை போட்டு ஊற வைத்தால் நொடியில் பொங்கி வரவேண்டும். அதற்குச் சன்னமாகச் சலித்து, ஈரம் போக வறுக்க வேண்டும். சல்லடையை மாற்றச் சொன்னதும், விடுதிச் சாமான் விற்கும் கடைக்காரியைப் பிடித்துக் கொண்டுவந்து இந்தக் கொட்டகையில் உட்கார வைத்ததும் அக்பெனேதான்.

மவுசி சுரைக்குடுக்கை ஓட்டால் வாணலியைத் துழாவிக்கொண்டிருந்தாள். சுற்றிலும் ஏழெட்டுப் பெண்கள் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார்கள்.

"மவுசி, கையை நிறுத்து."

"நிறுத்தினா அடி பிடிச்சிரும்க்கா. நீ பேசு, காது சும்மாதான இருக்கு."

"அக்ராக்காரங்க படிவம் எடுத்துட்டு வந்தாங்களே, என்ன கேட்டாங்க?"

"என்னமோ கேட்டாங்க. எத்தனை பிள்ளை, எத்தனை அடுப்பு, கக்கூஸ் இருக்கா, இல்லியா."

"பயிற்சி பத்திக் கேட்டாங்களா?"

"ஆமா. இதுக்கு முந்தி யாராச்சும் தொழில் பயிற்சி குடுத்திருக்காங்களான்னாங்க. இல்லைன்னேன்."

"இல்லைன்னியா."

"ஏன், நீ எப்பக் குடுத்த?"

இதைக் குத்தலாகக் கேட்டிருந்தால் அக்பெனேயிடம் பதில் தயாராக இருந்திருக்கும். மவுசி நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதுதான் தாங்கவில்லை.

"இந்தப் புகைபோக்கிய இங்க யாருடி வைக்கச் சொன்னது?"

"நீதான்."

"மாவு நாலு நாள் புளிச்சா நகரத்துக்காரங்க வாங்கமாட்டாங்க, ரெண்டாம் நாளே வறுத்துருன்னு சொன்னது யாரு?"

"நீதான்க்கா. யாரு இல்லைன்னா?"

"நீதான இல்லைன்ன. எழுதிக் குடுத்திருக்கியே."

மவுசி முழித்தாள். "அது பயிற்சியா? அது நீ வந்து சொன்னது."

உரித்த கிழங்கைத் தொட்டியில் போட்டபடி செனா நடுவில் புகுந்தாள். செனாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். "ஏ அக்பெனே, பயிற்சின்னா என்னன்னு உனக்குத் தெரியாதா? பிளாஸ்டிக் நாற்காலி போடுவாங்க. பேனர் கட்டுவாங்க. சாமி கும்பிட்டு ஆரம்பிப்பாங்க. மத்தியானம் ஜோலோஃப் சோறு, மேல ஒரு கோழிக்காலு, போறப்ப வண்டிக் காசு. ஆறு வருசமா வர, ஒரு கோழிக்கால் கண்ணுல காட்டியிருக்கியா?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"அதானே" என்றாள் இன்னொருத்தி. "இவ வந்தா முதல்ல கத்தியத்தான் கேப்பா. எங்ககூட உக்காந்து கிழங்கு உரிப்பா. உரிச்சுக்கிட்டே பேசுவா. பயிற்சி குடுக்கற மேடம் யாராச்சும் கிழங்கு உரிப்பாங்களா?"

அக்பெனேக்குச் சிரிப்பு வரவில்லை. மேஜைக்குப் பின்னால் நின்று பேசினால் இவர்கள் காதில் ஏறாது என்று முதல் மாதமே கண்டுகொண்டவள் அவள். அதனால்தான் கத்தியை வாங்கி உட்கார்ந்தாள். அதைப் பெருமையாகவும் நினைத்திருந்தாள். அந்தப் பெருமைதான் இப்போது பழுப்பு உறைக்குள் மடிந்து கிடந்தது.

கடிதத்தை எடுத்து வாசித்தாள். ஆங்கிலத்தில் இருந்ததை வரி வரியாக அவர்கள் பேச்சில் சொன்னாள். வெள்ளிக்கிழமை என்ற இடத்தில் கிழங்கு உரித்த கத்திகள் நின்றன. மவுசியின் காரி அடி பிடித்துப் புகைந்தது, அவள் கவனிக்கவில்லை.

"நாங்க பொய் சொல்லலியேக்கா."

"பொய் சொல்லியிருந்தா மன்னிச்சிருப்பேன். எல்லாரும் சேர்ந்து உண்மையச் சொல்லி என்னை முடிச்சிட்டீங்க."

"கேட்ட ஆளாவது சொல்லியிருக்கலாம்ல, அக்பெனே செஞ்சதும் அதுதான்னு" என்று மவுசி முனகினாள்.

"கேட்ட ஆள் யாரு?"

செனா கிழங்கைப் பார்த்தாள். கடைசியில் மவுசிதான் சொன்னாள்.

"நம்ம எலிகெம்தான். அந்தக் கம்பெனி சார் ஆங்கிலத்துல கேப்பாரு, தம்பி நம்ம பேச்சுல சொல்லுவான். நாம சொல்றத எழுதிக்குவான்."

*

எலிகெம், கூடப் பிறந்த மூவரில் கடைக்குட்டி. படிப்பு முடித்து மூன்று வருடம் வேலையில்லாமல் சுற்றி, நான்கு மாதத்துக்கு முன்னால்தான் அக்ரா கம்பெனியில் மொழிபெயர்ப்பாளனாகச் சேர்ந்தவன். அந்த வேலைக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தது அக்பெனேதான் என்று தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆரம்பப் பள்ளியின் ஒரு வகுப்பறையைக் கம்பெனி அலுவலகமாக்கியிருந்தார்கள். எலிகெம் சர்டிபிகேட்டுகளைப் பிளாஸ்டிக் உறைக்குள் நுழைத்துக்கொண்டிருந்தான். கழுத்தில் பட்டையோடு அட்டை தொங்கியது. அக்காவைப் பார்த்ததும் எழுந்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு உட்காரவில்லை.

"முப்பத்தொரு தடவை எழுதினியாமே."

"அக்கா, உக்காரு. தண்ணி குடி."

"தண்ணி இருக்கட்டும். மவுசி இல்லைன்னு சொன்னப்ப உன் பேனா நிக்கலியா?"

"படிவத்துல ஆமா, இல்லைன்னு ரெண்டே கட்டம்க்கா. அவங்க சொன்னதுலதான் டிக் போடணும். நம்ம கருத்தைச் சேர்க்கக் கூடாதுன்னு பயிற்சியில சொல்லியிருக்காங்க."

"உனக்கும் பயிற்சி குடுத்தாங்களா. கோழிக்கால் உண்டா?"

அவனுக்குப் புரியவில்லை. அவள் விளக்கவும் இல்லை.

"நான் என்ன செஞ்சேன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா? அத மட்டும் சொல்லு."

"தெரியும்."

"தெரிஞ்சும் எழுதின."

எலிகெம் சர்டிபிகேட்டின் ஓரத்தை நகத்தால் நீவினான். "முதல் பத்துப் பேர் சொன்னப்பவே சார்கிட்ட சொன்னேன்க்கா. இவங்க பயிற்சின்னு நினைக்கிறது வேறன்னு. அவர் சொன்னாரு, எலிகெம், நீ மொழிபெயர்க்க வந்திருக்க, வக்காலத்து வாங்க வரலைன்னு. இந்த மாசம் என் ஒப்பந்தம் முடியுது. நீட்டிக்கிறதும் நீட்டிக்காததும் அவர் கையில. நான் என்ன பண்ணட்டும்?"

அக்பெனே மேஜையிலிருந்த சர்டிபிகேட்டுகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதைச் சமாதானம் என்று எடுத்துக்கொண்டான் பாவம்.

"உனக்காகவும் பேசியிருக்கேன். வருசத்துக்கு நாலு பயிற்சிக்கும் ஊர் ஊரா ஆள் கூட்டறதுக்கு ஒருத்தர் வேணுமாம். உன்னைப் போட்டுக்கறேன்னு சொல்லியிருக்காரு."

"ஆள் கூட்டவா?"

"உனக்குத்தான் எல்லார் வீடும் தெரியுமே."

எல்லார் வீடும் தெரியும். ஆறு வருடத்தில் அவள் சம்பாதித்தது அதுதான். அதை நாலு நாள் கூலிக்குக் கேட்கிறார்கள். நாற்காலியில் உட்கார வைக்கத் தலைகள் வேண்டும், தலைகளைப் பிடித்துத் தர அக்பெனே வேண்டும், மற்றபடி அக்பெனே என்று ஒருத்தி இருந்ததேயில்லை. எவ்வளவு அநியாயத்தை எவ்வளவு அன்பாகச் சொல்கிறான் இந்தப் பையன்.

"இதெல்லாம் யாருக்கு?" என்று சர்டிபிகேட் கட்டைக் காட்டினாள்.

"மவுசி அக்கா கொட்டகையில மூணு மணிக்குக் குடுக்கறாங்க. போட்டோ எடுக்கணும்."

"எத்தனை நாள் பயிற்சி?"

"போன மாசம் நடத்தினோமே, ஒண்ணரை நாள்."

"நல்லது. நானும் வரேன்."

"அக்கா, அங்க வந்து சத்தம் போடாத."

"நான் என்னைக்குடா சத்தம் போட்டேன்? போட்டிருந்தா பயிற்சின்னு நினைச்சிருப்பாங்களே."

*

மூன்று மணிக்குக் கொட்டகையை அடையாளம் தெரியவில்லை. அடுப்புகளை அணைக்கச் சொல்லியிருந்தார்கள். அன்றைக்கு வறுக்க வேண்டிய மாவு மூட்டையிலேயே புளித்துக்கொண்டிருந்தது. அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. வாடகை நாற்காலிகள் நாலு வரிசை. பேனர் ஒன்று புகைபோக்கியில் கட்டப்பட்டிருந்தது, அக்பெனே வைக்கச் சொன்ன அதே புகைபோக்கியில்.

பெண்கள் நல்ல துணி உடுத்தி வந்திருந்தார்கள். கம்பெனியின் பயிற்சியாளர் லாம்ப்டே, எலிகெம் சொன்ன அதே சார், ஒவ்வொருவர் பெயராகப் படித்து, கைகுலுக்கி, சர்டிபிகேட் கொடுத்தார். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. சிரித்த முகம், இஸ்திரி கலையாத சட்டை. அக்ராவில் பிறந்து வளர்ந்தவர், இந்தப் பக்கத்துப் பேச்சு தெரியாது.

கடைசிப் பெயரும் முடிந்தது. மவுசியை அடுப்புக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னார். "புகை இல்லாத அடுப்பு. எங்கள் பயிற்சிக்குப் பின் வந்த மாற்றம். இதை நன்றாக எடுங்கள்" என்று போட்டோக்காரரிடம் ஆங்கிலத்தில் சொன்னார்.

அக்பெனேக்கு ஆங்கிலம் தெரியும் என்பதை அவர் விசாரிக்கவில்லை. அவள் பின்வரிசையிலிருந்து எழுந்து முன்னால் வந்தாள்.

"சார், அந்த அடுப்பு கட்டி நாலு வருசம் ஆச்சு."

லாம்ப்டே கொஞ்சமும் தடுமாறவில்லை. "நீங்கள்தான் அக்பெனே மேடமா? எலிகெம் நிறையச் சொல்லியிருக்கிறார். உங்களைப் போன்றவர்களின் ஒத்துழைப்பு எங்களுக்கு மிகவும் தேவை."

"ஒத்துழைக்கத்தான் வந்தேன். உங்க முன்னாடியே இவங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன்." பெண்கள் பக்கம் திரும்பினாள். "பயிற்சி கியிற்சியெல்லாம் விடுங்க. உங்க தொழில்ல ஒரு சிக்கல் வந்தா யாரைக் கூப்பிடுவீங்க?"

"உன்னைத்தான்" என்றது ஒரு குரல். அப்புறம் நிற்கவில்லை. துருவுற மெஷின் பெல்ட் அறுந்தப்ப ராத்திரியோட மெக்கானிக்கைக் கூட்டிட்டு வந்தியே. சந்தைத் தலைவி எங்க காரிய எறக்க விடாம நின்னப்ப நீதான பேசி முடிச்ச. உணவு உரிமத்துக்கு அஞ்சு தடவை கூட வந்தியே. சோப்பு ஏன் நுரைக்கலைன்னு கண்டுபிடிச்சது நீதான. ஆளாளுக்குச் சொன்னார்கள். எலிகெம் ஒவ்வொன்றையும் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வந்தான், மூச்சு வாங்க.

லாம்ப்டே பொறுமையாகக் கேட்டார். தலையைக்கூட ஆட்டினார்.

"மிகவும் அருமை. மனதைத் தொடுகிறது. ஆனால் இது பயிற்சி இல்லை, பாருங்கள். பாடத்திட்டம் இல்லை, வருகைப் பதிவு இல்லை. நாங்கள் வேண்டுமானால் ஒன்று செய்யலாம். படிவத்தின் கடைசிப் பக்கத்தில் 'உறவினர், அண்டை வீட்டார் செய்த உதவி' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் சேர்த்துவிடலாம். பணியிட முடிவு அதனால் மாறாது."

அண்டை வீட்டார். ஆறு மழைக்காலம் சேற்றில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவளுக்கு ஒரு கட்டம், அதுவும் கடைசிப் பக்கத்தில்.

பெண்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்ன சொல்றாரு எலிகெம்?" என்றாள் மவுசி.

எலிகெம் மவுசியையும் லாம்ப்டேவையும் மாறி மாறிப் பார்த்தான்.

"சொல்லுங்கள்" என்றார் லாம்ப்டே. "நன்றி என்று சொல்லி முடித்துவிடுங்கள். சாப்பாட்டுப் பொட்டலம் ஆறிக்கொண்டிருக்கிறது."

எலிகெம் கழுத்து அட்டையைப் பிடித்துக்கொண்டான். அக்காவைப் பார்க்காமல், தரையைப் பார்த்தபடி பேசினான்.

"அக்பெனே அக்கா உங்களுக்குச் செஞ்சதெல்லாம் பக்கத்து வீட்டுக்காரி செய்யற உதவிதானாம். வேலை இல்லியாம். நீங்க முப்பத்தொரு பேரும் இல்லைன்னு சொன்னீங்கள்ல, அதை வச்சுத்தான் அக்காவை வேலைய விட்டு எடுத்திருக்காங்க. சொல்ல வேண்டிய இடத்துல நான் வாய மூடிக்கிட்டேன். இப்ப இந்த அடுப்பையும் அவங்க செஞ்சதாப் போட்டோ எடுக்கறாங்க. நன்றின்னு சொல்லச் சொல்றாரு. நான் சொல்லல."

நாற்காலிகள் கிரீச்சிட்டன. மவுசி அடுப்பை விட்டு நடந்து வந்தாள். பிளாஸ்டிக் உறை போட்ட சர்டிபிகேட் அவள் வலது கையில் இருந்தது. லாம்ப்டேவுக்கு நேரே வந்து நின்று, அதை இடது கைக்கு மாற்றி, நீட்டினாள்.

அந்த நாட்டில் பச்சைக் குழந்தைகூடப் பெரியவர்களுக்கு இடது கையால் ஒன்றை நீட்டாது. நீட்டினால் என்ன அர்த்தம் என்று அக்ராவில் பிறந்தவருக்கும் தெரியும். லாம்ப்டேவின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. வாங்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. மவுசி அதை மேஜையில் வைத்துவிட்டு நகர்ந்தாள்.

பின்னால் அடுத்தவள் நின்றாள், இடது கை. அதற்குப் பின்னால் இன்னொருத்தி. இதை மொழிபெயர்க்க எலிகெம் தேவைப்படவில்லை. போட்டோக்காரர் பழக்க தோஷத்தில் எடுத்துக்கொண்டே இருந்தார், லாம்ப்டே கையைக் காட்டி நிறுத்தும் வரை.

முப்பது சர்டிபிகேட் மேஜைக்கு வந்தது. செனா மட்டும் நாற்காலியை விட்டு எழவில்லை. "என்னைப் பாக்காதீங்கடி. இத மாட்ட எம் புருசன் சுவத்துல ஆணி அடிச்சிட்டான்" என்றாள். ஆனாலும் அவள் குனிந்த தலை நிமிரவில்லை.

லாம்ப்டே மெதுவாகப் படிவக் கோப்பை மூடினார். குரல் மட்டும் மாறியிருந்தது. "எலிகெம், அந்த மோட்டார் சைக்கிள் சாவியை உங்கள் சகோதரியிடமிருந்து இப்போதே வாங்கிக்கொள்ளுங்கள். இன்று மாலை நான் மாவட்ட அலுவலகம் போகிறேன். நானே ஒப்படைத்துவிடுகிறேன். பிறகு ஜீப்பில் ஏறுங்கள்."

அக்பெனே சாவியை இறுக்கிக்கொண்டாள்.

"வண்டி அரசாங்கத்தோடது, உங்களோடது இல்லை. கடுதாசில வெள்ளிக்கிழமை சாயந்தரம்னு இருக்கு. இன்னைக்குப் புதன். இன்னும் ரெண்டு நாள் நான்தான் இந்த ஊருக்கு ஆலோசகர்." தங்கை பக்கம் திரும்பினாள். "அடுப்பப் பத்த வைடி. அந்த மாவு நாளைக்குத் தாங்காது. நான் அடுத்த ஊருக்குப் போறேன். அங்க என்னென்ன இல்லைன்னு எழுதியிருக்காங்கன்னு பாக்கணும்."

வெளியே வந்து வண்டியில் ஏறினாள். எதிரே ஜீப்பின் கதவு திறந்திருந்தது, உள்ளிருந்து லாம்ப்டே ஒருமுறை ஹாரன் அடித்தார்.

எலிகெம் கழுத்துப் பட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, ஜீப்புக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் நடுவில் நின்றான். அடுத்த கிராமத்துப் படிவங்கள் இருந்த பை அவன் தோளில்தான் தொங்கியது.

"ஏறுறதா இருந்தா ஏறு" என்றாள் அக்பெனே, அவனைத் திரும்பிப் பார்க்காமல். "எனக்கு இருக்கறது ரெண்டே நாள்."